கழுத்து கொடுத்த வாக்கு

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை.

ஓசூரில் ஹார்டுவேர் கடை நடத்திவரும் மதிப்பிற்குரிய சம்பந்தி தங்கராசு அவர்களுக்கு, விருத்தாசலம் திருமால் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் கழுத்தைத் தவிர அனைவரும் நலம். உங்கள் நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு சேவலை ஏலத்தில் எடுத்துவிட்டேன். வேண்டுமென்று எடுக்கவில்லை. நானும் கமலமும் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் யாராவது அநியாயம் செய்தால் போலீசுக்குப் போவதற்கு முன்னால் அந்தச் சாமியிடம்தான் போவோம். நடந்ததைத் தாளில் எழுதி, பிராது என்று கட்டிவிட்டு வந்தால் மற்றதைச் சாமி விசாரித்துக்கொள்வார். உங்கள் மேல் பிராது கட்டியே தீருவேன் என்று கமலம் ஒற்றைக் காலில் நின்றாள்.

போகிற வழியில் நேர்ந்துவிட்ட சேவல்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்றேன். ஏலம் விட்டவர் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்து விலை சொன்னார். என் தலைதான் உங்களுக்குத் தெரியுமே, எப்போதும் இடது பக்கம் சாய்ந்து, யார் எதைச் சொன்னாலும் சரி சரி என்பது போல இருக்கும். வேறு யாருமே கேட்காத சேவலுக்கு எனக்கு எதிராக நானே விலை ஏற்றியிருக்கிறேன். கடைசியில் சேவல் என் கைக்கு வந்தது. நான் கேக்கவே இல்லீங்களே என்றேன். "இவ்ளோ பேரு பாக்க மண்டைய ஆட்டிட்டு இப்ப இல்லைன்றியே பெரியவரே, நல்லா இருக்குதே ஒன் கதை" என்றார். "எங்கூட்டுக்காரரு கழுத்தே அப்பிடித்தாங்க" என்று கமலம் பரிந்து பேசியதற்குக் கூட்டம் மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

பிராது கட்டாமலே திரும்பிவிட்டோம். சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் தலையாட்டலை நம்ப வேண்டாம் சாமி என்று மனு கொடுக்க எனக்கே வெட்கமாக இருந்தது. சாமிக்கு எழுதியதை உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். போனில் பேச மாட்டேன். போனில் நீங்கள் மூச்சு விடாமல் பேசுவீர்கள். நடுவில் நான் 'உம்' என்றால் அதையும் சம்மதம் என்று ஊரைக் கூட்டிச் சொல்வீர்கள். எழுத்துக்குக் கழுத்து கிடையாது.

நம் பிள்ளைகளின் நிச்சயதார்த்தத்தில் நடந்ததை எழுதுகிறேன், மறுக்க முடிந்தால் மறுத்துக்கொள்ளுங்கள். ஐயர் பத்திரிகை வாசித்து முடித்தார். தாம்பூலத் தட்டு என் இரண்டு கையிலும் இருந்தது. நீங்கள் என் பக்கம் குனிந்து, "கல்யாணம் ஆனா பொண்ணு அந்தப் படிப்ப அதோட நிறுத்திக்கிடட்டும், என்ன சொல்றீங்க சம்பந்தி?" என்று கேட்டீர்கள். "அன்பரசிய ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "சம்பந்தி தலையாட்டிட்டாரு, தட்ட மாத்துங்க" என்று குரல் கொடுத்தாயிற்று. நாதஸ்வரக்காரரும் ஊத ஆரம்பித்துவிட்டார். நான் சொன்னது பக்கத்தில் நின்ற கமலத்துக்குக் கேட்டது, அவளுக்குப் பின்னால் நின்ற என் தங்கை அம்சவல்லிக்கும் கேட்டது. உங்களுக்கு மட்டும் என் வாய் கேட்கவில்லை, கழுத்து கேட்டிருக்கிறது. பந்தியில் மறுபடி பேச்சை எடுத்தேன். என் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டீர்கள்.

அன்பரசி படிப்பது பிசியோதெரபி. பரீட்சை எல்லாம் எழுதிவிட்டாள். இப்போது கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கிறாள். அந்தப் பயிற்சியை முடித்தால்தான் பட்டம். நடுவில் விட்டால் இத்தனை வருஷம் படித்ததும் வீண். இந்த நேரம் பார்த்து நீங்கள் போன் போட்டு, இந்த மாசத்தோடு அவளை நிறுத்தாவிட்டால் கல்யாணப் பத்திரிகை அடிக்க மாட்டேன் என்கிறீர்கள். நான் தலையாட்டவில்லை, அது என் கழுத்தின் கோளாறு என்று எவ்வளவோ சொன்னேன். சிரித்தீர்கள். சிரித்ததோடு விட்டீர்களா? கூரியரில் ஒரு கழுத்துப்பட்டையை வாங்கி அனுப்பி, "இத மாட்டுங்க சம்பந்தி. தலையும் நேரா நிக்கும், வாக்கும் நேரா நிக்கும்" என்று ஒரு துண்டுச் சீட்டு வேறு.

என் தலை ஏன் நேராக நிற்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் செராமிக் கம்பெனியில் சுடாத பச்சை சாமான்களை நீளப் பலகையில் அடுக்கி, தோளில் வைத்துக் காயப்போடுகிற இடத்துக்குக் கொண்டுபோவோம். பலகை வலது தோளில். தலை நேராக இருந்தால் பலகை காதில் இடிக்கும், இடித்தால் மொத்தமும் தரையில் கிடக்கும். அதனால் தலையை இடது பக்கம் ஒதுக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மீசை முளைத்த காலத்திலிருந்து இப்படி நடந்ததில், பலகையை இறக்கின பிறகும் தலை அங்கேயே நின்றுவிட்டது. உங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற பீங்கான் ப்யூஸ் கட்டைகூட என் தோளில் போனதாக இருக்கலாம். விற்றுச் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

வலி வந்தபோது நான் செய்த வைத்தியத்தைச் சொன்னால் நீங்கள் இன்னொரு தரம் சிரிக்கலாம். சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் கட்டையைத் துண்டில் சுற்றிப் பிடரியில் ஒத்தடம் வைத்தேன். பீங்கான் எத்தனை நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்று தெரிந்தவன் நான். வயிற்றுப் பிழைப்பே அதுதான். அப்படியும் கொப்புளம் வாங்கினேன். அதற்கப்புறம் கம்மாபுரம் பக்கம் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் போனேன். தலையை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்பு. மடக் என்று சத்தம் வந்தது. "போயிடிச்சு" என்றார். போனது சுளுக்கு அல்ல, என் இடது கையின் உணர்ச்சி. டீ கிளாஸைப் பிடித்தால் பிடித்த மாதிரியே தெரியவில்லை.

விஷயம் தெரிந்து அன்பரசி என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, நீங்கள்கூட என்னை அப்படித் திட்டியதில்லை. "கழுத்துக்குள்ள நரம்பு போவுதுப்பா, அது என்ன பாட்டில் மூடியா, திருவிப் பாக்க?" என்றாள். நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, ஒரு பக்கத் தசை சுருங்கிவிட்டது, கழுத்தை இனிமேல் யார் கையிலும் திருப்பக் கொடுக்காதே என்றார். கை மரப்பு கூடினாலோ பிடி தளர்ந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் வரச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தார். மீதி வேலையை அன்பரசி எடுத்துக்கொண்டாள். நான் வைத்துப் படுத்த இரண்டு தலையணையைப் பிடுங்கிக்கொண்டு தட்டையாக ஒன்று கொடுத்தாள். மல்லாக்கப் படுத்துப் போன் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. வெந்நீரில் பிழிந்த துண்டு, அதுவும் அவள் தன் கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகு. தாடையை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையைக் கன்னத்தில் முட்டுக்கொடுத்துத் தலையால் தள்ள வேண்டும். கண்ணாடி முன்னால் நான் இதைச் செய்யும்போது பார்த்தால், பல்வலிக்காரன் தன்னோடு தானே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். முதலாளியிடம் பேசிப் பலகைக்குத் தள்ளுவண்டி வாங்க வைத்ததும் அவள்தான். இப்போது வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கையில் உணர்ச்சி வந்துவிட்டது. சாய்வு மட்டும் முழுசாகப் போகாதாம்.

உங்கள் கழுத்துப்பட்டையைப் பற்றியும் கேட்டேன். டாக்டர் சொன்னால் சில நாள் போடலாம், சும்மா மாட்டிக்கொண்டே இருந்தால் கழுத்துத் தசை சோம்பேறி ஆகிவிடும் என்றாள். ஆகவே இந்தக் கடிதத்தோடு அதைத் திருப்பி அனுப்புகிறேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் கல்லாவில் குனிந்து போன் பார்க்கிறவருக்கு என்றைக்காவது தேவைப்படும்.

கமலத்திடம் நீங்கள் சொன்னதை மட்டும் என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. "கண்ட ஆம்பள கழுத்தயும் காலயும் புடிச்சு வுடுற வேலையெல்லாம் எங்க வூட்டுக்கு ஆவாது" என்றீர்களாம். விழுந்து படுத்தவர்களை அவள் எழுப்பி நடக்க வைக்கிறாள் ஐயா. சொல்லும்போது உங்களுக்கு நாக்கு கூசவில்லையா? ஒன்பதாவதோடு நின்றவன் எனக்கே அது என்ன வேலை என்று புரிகிறது. எஞ்சினியரைப் பெற்ற உங்களுக்கு ஏன் புரியவில்லை?

எஞ்சினியர் என்றதும் ஞாபகம் வருகிறது. மாப்பிள்ளை இனியவன் கழுத்து வலி என்று தைலம் மாற்றித் தைலம் தடவிக்கொண்டிருந்தாரே, இப்போது தடவுகிறாரா? கேட்டுப்பாருங்கள். கம்ப்யூட்டரை மடியில் வைத்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிப் பேசுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தவள் என் மகள். உங்கள் கடைப் பெயிண்ட் டப்பா இரண்டை மேஜையில் வைத்து அதன் மேல் கம்ப்யூட்டரைத் தூக்கி வைக்கச் சொன்னவளும் அவள்தான். டப்பா எதற்குடா என்று நீங்கள் கேட்டதற்கு "சும்மாதாம்பா" என்றாராம். வீடியோவில் அவள் பயிற்சி சொல்லிக்கொடுப்பாள், அவர் தப்பாகச் செய்வார், மொட்டைமாடியில் இவள் சிரிக்கிற சத்தம் கீழே எங்களுக்குக் கேட்கும். நீங்கள் போன் போட்ட நாளிலிருந்து அந்தச் சத்தம் இல்லை. "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உங்கள் மகன் ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டாராம். அவர் கழுத்து குனிந்தே பழகியதற்குக் கம்ப்யூட்டர் மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிவாகச் சொல்கிறேன். அன்பரசி பயிற்சியை முடிப்பாள். கல்யாணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கல்யாணமானால் ஓசூரிலேயே வேலைக்குப் போவாள். சம்மதம் என்றால் எழுத்தில் பதில் போடுங்கள். இல்லை என்றால் தட்டில் வந்த புடவை, நகை, வெள்ளிக் குங்குமச்சிமிழ் எல்லாவற்றையும் நானே ஓசூருக்கு எடுத்து வந்து உங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். பழம் மட்டும் தின்றாகிவிட்டது, அதற்கு மன்னிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் சொர்ணாம்பாள் அம்மாவுக்கு எங்கள் வணக்கம். அவர்களிடம் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இனியவன் நன்றாக இருக்கட்டும். உங்கள் மேல் உள்ள கோபத்தில் அந்த ஆசீர்வாதத்தை நான் குறைத்துக்கொள்ளவில்லை.

இன்று காலை என் பிடரியை அழுத்திவிட்டுக்கொண்டே அன்பரசி கேட்டாள், "கல்யாணம் நின்னுட்டா ஒனக்கு அவமானமா இருக்குமாப்பா?" என்று. எனக்கென்ன பாப்பா, நான் பாக்காத அவமானமா என்றேன். அப்போது தொண்டை வரை வந்ததை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அதையும் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருவீர்கள் என்று இதில் எழுதாமல் விடத்தான் இருந்தேன். எழுதிவிடுகிறேன், பெண்ணைப் பெற்றிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"ஒனக்கு அந்தப் புள்ளய புடிச்சிருக்குதே பாப்பா, எனக்கு அது ஒண்ணுதான் பயமா இருக்குது."

இப்படிக்கு,
அன்பரசியின் தகப்பன்
திருமால்