பானை வைக்கிற இடத்தில் வண்டி

டிசம்பர் 21, ஞாயிறு

லேசான குளிர். மப்ளர் தேடினேன், கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரி சரசுவின் பழைய துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வண்டி கழுவினேன். நாலு பக்கெட் தண்ணீர். குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்குப் பெருமை. பிறகுதான் புரிந்தது, அவர்கள் பார்த்தது பக்கெட்டை.

மகள் கோமதி வாங்கிய வண்டி. தீபாவளி முடிந்து வந்தது. மலை ஏறும், மணலில் ஓடும், ஆற்றைத் தாண்டும் என்றான் ஷோரூம்காரன். தாராவியில் மலை இல்லை, மணல் இல்லை. ஆறு ஒன்று உண்டு, மித்தி. அதற்குள் இறங்குகிற தைரியம் எந்த வண்டிக்கும் கிடையாது.

வாரம் முழுக்க எங்கள் சந்து முனையில் நிற்கிறது. கோமதி ஐரோலி ஆபீசுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவாள். ஞாயிறு மட்டும் எங்களை ஏற்றிக்கொண்டு தாணே கோயில் வரை. நான் முன்சீட். ரோட்டில் போகிறவர்களின் உச்சந்தலை தெரிகிறது. பம்பாயில் இத்தனை வழுக்கையா!

இன்று திரும்பும்போது சயான் சிக்னலில் ஒரு பைக்காரன் கண்ணாடியைத் தட்டி, "ஜங்கல் மே லேக்கே ஜா இஸ்கோ" என்றான். காட்டுக்குக் கொண்டு போகவாம். கோமதி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

போன மழையில் ஸ்கூட்டியோடு விழுந்தவள். பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. அதற்கப்புறம் தூக்கத்தில் கத்துவாள். "உசரமா உக்காரணும்ப்பா. யாரும் எம்மேல ஏத்த முடியாத மாதிரி."

டிச. 23, செவ்வாய்

செம்பூர். லிஃப்டு டூட்டி. நாள் முழுக்க மேலே, கீழே. எங்கேயும் போய்ச் சேராத உத்தியோகம்.

ஒன்பதாம் மாடிக்காரர் புதிதாக ஒரு பெரிய வண்டி வாங்கி, இரண்டு பார்க்கிங்கை அடைத்து நிறுத்துகிறார். லிஃப்டில் இதே பேச்சு. நாலாம் மாடி அம்மாள்: "இது வண்டியா, ராணுவ டாங்கியா? பிள்ளைங்க விளையாட இடம் இல்ல." பாலக்காட்டுப் பெரியவர்: "மனுஷாளுக்கு வெட்கம் வேண்டாமோ மாடசாமி?" நானும் பலமாகத் தலையாட்டினேன். ஏழாம் மாடி தாண்டும்போதுதான் நம் வீட்டிலும் ஒன்று நிற்பது ஞாபகம் வந்தது. ஆட்டிய தலையை நடுவில் நிறுத்த முடியவில்லை.

சாயங்காலம் பாண்டி அண்ணாச்சியை மெயின் ரோட்டில் பார்த்தேன். எதிர் வீடு. என்னை இந்த லிஃப்டு வேலையில் கொண்டுபோய் நிறுத்தியவர். கிட்னி போய்விட்டது, செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். வழக்கமாக ஒரே டாக்ஸிக்காரன்தான் கூட்டிப்போவான். பனாரஸ் பக்கத்து ஆள். அண்ணாச்சி ஏறுமுன் பின்சீட்டைத் துண்டால் ஒரு தட்டு தட்டுவான். முன்பு அண்ணாச்சி வீட்டு வாசல் வரை வரும் டாக்ஸி. இப்போது முனையில் நம் வண்டி. மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுகிறான். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டான்: "பெஹலே தர்வாஜே தக் ஆத்தா தா, சேட்." முன்பு வாசல் வரை வருவானாம். அந்த சேட் என்று சொன்ன விதம் சரியில்லை.

அண்ணாச்சி என் தோளைப் பிடித்து நடந்தார். நடுவில் இரண்டு தடவை நின்றார்.

"கஷ்டமா இருக்கா அண்ணாச்சி?"

"டாக்டரு நடக்கத்தான சொல்லுதாரு. நாந்தான் சோம்பேறிப்பய. உம்ம மவ வண்டி வாங்கி எனக்கு வைத்தியம் பாக்கா வே."

சிரித்தேன். டாக்ஸிக்காரன் தங்கை கல்யாண வேலையாக ஊருக்குப் போகிறானாம். பொங்கல் சமயம்தான் வருவான்.

டிச. 26, வெள்ளி

வைப்பரில் ஒரு சீட்டு. சிவப்பு ஸ்கெட்ச் பேனா. "இது ரோடு. உங்கப்பன் வீடு இல்ல." கோமதிக்கு எழுதியது. ஆக, அப்பன் நான்.

சந்தேகப்படும் ஆட்கள்:
1. மாவுக்கடை. மூட்டை இறக்க முடியவில்லை என்று புலம்பல்.
2. குழாயடிப் பெண்கள். குடத்தோடு பக்கவாட்டில் நுழைய வேண்டியிருக்கிறது.
3. தோல்பை செய்கிற காதர் பாய். கைவண்டி போகவில்லை. ஆனால் அவர் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள்.
4. நான். எனக்கே சில நாள் எழுதத் தோன்றுகிறது.

டீக்கடையில் ஒருவன் என்னிடம்: "அண்ணாச்சி, உங்க வீட்டை விட வண்டி பெருசாமே. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அதுக்குள்ள குடி போயிருங்க." எல்லோரும் சிரிப்பு. நானும்.

பேச்சி மைனி, அதுதான் பாண்டி அண்ணாச்சி சம்சாரம், சரசுவிடம் கேட்டார்களாம்: "பொங்கலுக்கு வண்டிய எடுத்துருவிய, இல்லா?" பொங்கலன்று காலை சந்து முழுக்க வரிசையாகப் பானை. அவரவர் இடம் எப்போதும் அவரவர்க்குத்தான். முனையில் முதல் வெயில் விழும் இடம் மைனியுடையது. இப்போது அங்கே நம் முன்சக்கரம். எடுத்துவிடலாம் என்றாளாம் சரசு.

ஜனவரி 3, சனி

புகைமூட்டம், தொண்டைக் கரகரப்பு. டூட்டி முடிந்து வந்தால் வண்டியில் கீறல்! முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரை. இடுப்பு உயரம். வேண்டுமென்றே ஆணியால் இழுத்த மாதிரி. சந்தில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மாவுக்கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

சரசு கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பாண்டி அண்ணாச்சிக்குக் காலையில் மூச்சுமுட்டி, சயானில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அதைக் கேட்டுத்தான் வாயை மூடினேன்.

கோமதியிடம் கீறலைக் காட்டினேன். "விடுங்கப்பா. கீறல்தானே" என்று ரூமுக்குள் போய்விட்டாள். என் பிள்ளைக்குப் பெரிய மனசு.

ஜன. 4, ஞாயிறு

ஆஸ்பத்திரி. வண்டியில் போகவில்லை, கோமதிக்குத் தலைவலியாம். நடந்தே போனேன். இளநீர் வாங்கிப்போனேன், நர்ஸ் திட்டினாள். கிட்னிக்காரருக்கு இளநீர் ஆகாதாம். நானே குடித்தேன்.

அண்ணாச்சி முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். என்னைக் கண்டதும் நகர்த்திக்கொண்டார். ஆள் பாதியாகிவிட்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று கீறலைப் பற்றி ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நிற்குமா?

"எவன் செஞ்சானோ, அவன் கை..."

"சாபம் விடாதேயும் வே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஏதாம் எருமை உரசிருக்கும்."

"தாராவியில ஏது அண்ணாச்சி எருமை?"

"நாம ரெண்டு பேரு இல்லியா?"

பக்கத்துப் படுக்கைக்காரரும் சிரித்தார். மைனி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சரசு என் முதுகில் கிள்ளினாள். எதற்கு என்று புரியவில்லை.

ஜன. 6, செவ்வாய்

பாலிஷ் வாங்கித் தேய்த்தேன். போகவில்லை. பெயின்ட்தான்.

காதர் பாயைப் பிடித்தேன். "பாய், சனிக்கிழமை காலையில நீங்க கடையிலதான இருந்திய. யாருன்னு பாத்தியளா?"

பாய் தோலை வெட்டிக்கொண்டே இருந்தார். "வேல கெடக்கு மாடசாமி."

முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் முகத்தையே நிமிர்த்தவில்லை. அப்படியென்றால் அவர்தான். அவரிடம் இனி பேச்சு வேண்டாம் என்று முடிவு.

ஜன. 8, வியாழன்

அண்ணாச்சி போய்விட்டார். விடிகாலை.

கோமதி லீவு போட்டு, வண்டியை எடுத்து மெயின் ரோட்டில் விட்டாள். பிணவண்டி வாசல் வரை வந்தது. சந்து எவ்வளவு அகலம் என்று இன்றுதான் மறுபடி பார்த்தேன்.

காதர் பாய் முன்னால் நின்று தூக்கினார். நான் பின்பக்கம். கனமே இல்லை.

திரும்பி வந்து குளித்தேன். மெயின் ரோட்டில் நம் வண்டி நிற்க டிராபிக் போலீஸ் விடவில்லை. மறுபடி முனைக்கே கொண்டுவந்தோம். நான்தான் பின்னால் நின்று "வா, வா, ரைட்டுல ஒடி" என்று சத்தம் கொடுத்தேன். துக்க வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். இருட்டிவிட்டது, அதனால் என்று நினைத்தேன்.

ஜன. 10, சனி

எழுத உட்கார்ந்து டீ ஆறிவிட்டது.

கேமரா ஒன்று வாங்கி ஜன்னலில் மாட்டப்போகிறேன் என்றேன் சரசுவிடம். கீறினவனை விடப்போவதில்லை என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அது யாரும் கீறலைங்க."

"பின்ன?"

"அண்ணாச்சிய தூக்கிட்டுப் போனப்ப பட்டது."

அன்று ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. முனையைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்ட்ரெச்சரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வர முடியவில்லை. சரசு கோமதிக்குப் போன் போட்டிருக்கிறாள். சாவி அவள் பையில், பை ஐரோலியில். ஆளாளுக்கு வண்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். மலை ஏறுகிற வண்டி, அசையவில்லை. கடைசியில் காதர் பாய் தன் கடை இரும்பு நாற்காலியைக் கொண்டுவந்து, அண்ணாச்சியை அதில் உட்கார்த்தி, முன்னால் அவர், பின்னால் மாவுக்கடைக்காரன். சாய்த்து, தூக்கி, உரசி, வெளியே.

"மூச்சு வாங்குது அவியளுக்கு. அந்த இடுக்குல 'வண்டி, வண்டி, பாத்து'ன்னு சொல்லுதாவ. 'பிள்ள ஆசையா வாங்குனது'ன்னு சொல்லுதாவ. நாற்காலிக் கால் சர்ருனு இழுத்துட்டு. எங்கிட்ட, 'மாடசாமிகிட்ட சொல்லாத தாயி, மனசு கஷ்டப்படுவான்'னாவ."

கோமதிக்குத் தெரியும். மைனிக்குத் தெரியும். சந்துக்கே தெரியும். நான் கத்தினதை எல்லோரும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவரிடமே போய்...

எருமை உரசியிருக்கும் என்றாரே.

கோமதி வந்து கதவோரம் நின்றாள். "டாக்டர் சொன்னாருப்பா, ஹார்ட் ரொம்ப வீக்கா இருந்துச்சாம். சீக்கிரம் வந்திருந்தாலும்..." முடிக்கவில்லை. ஏழு வயசுக்காரி மாதிரி அழுதாள். நானும் சரசுவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அவளைத் திட்ட முடியாது. லாரி கனவில் கத்துகிற பிள்ளை. யாரைத் திட்டுவது? தோளைப் பிடித்து நடந்தபோது அவர் நின்ற இடங்கள் எனக்குத் தெரியும். நானும் கூடத்தான் நின்றேன். சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஜன. 11, ஞாயிறு

காதர் பாய் கடைக்குப் போனேன். அந்த இரும்பு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். ஒரு காலில் நம் வண்டியின் வெள்ளை பெயின்ட். உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே டீ குடித்தோம்.

ஜன. 13, செவ்வாய்

வண்டியைச் சயான் பக்கம் ஒரு பார்க்கிங்கில் விட்டாயிற்று. கோமதி விற்றுவிடலாம் என்கிறாள். விற்றால் மறுபடி ஸ்கூட்டி. கீறலுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

முனையில் எண்ணெய்க் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர். இந்தத் தடவை குழாயடிப் பெண்களே பிடித்துக் கொடுத்தார்கள்.

ஜன. 15, வியாழன்

பொங்கல். நல்ல வெயில். கரும்பு சுமாராகத்தான் இருக்கிறது.

மைனி வீட்டில் பொங்கல் கிடையாது. துக்க வருஷம். எனக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் அந்தக் கறையைத் தேய்க்கும்போது மைனி வந்து பானை வைப்பார்கள் என்றே நினைத்துத் தேய்த்திருக்கிறேன். எருமைதான்.

நாங்களும் வைக்க வேண்டாம் என்றாள் சரசு. மைனியே வாசலுக்கு வந்து, "வைங்க. அவிய இருந்தா ஏசுவாவ" என்றார்கள். வரிசையாகக் கல் வைத்தார்கள். முனையில் முதல் இடத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பக்கத்தில் சரசுவின் பானை. பால் பொங்கியது. குலவை போட்டார்கள். மெதுவாக.

அப்போது ஒரு டாக்ஸி. மெயின் ரோட்டிலிருந்து திரும்பி நேராக உள்ளே வந்தது. கல்யாண வேலையாக ஊருக்குப் போன அந்த டாக்ஸிக்காரன். பெண்கள் ஒதுங்கினார்கள். காலியாகக் கிடந்த அந்த முதல் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அரே சேட், ஆஜ் தோ ஜகா ஹை! அங்கிள் கோ புலாவோ!"

இன்றைக்கு இடம் இருக்கிறதாம். அண்ணாச்சியைக் கூப்பிடச் சொல்கிறான்.

யாரும் வாய் திறப்பதற்குள் இறங்கி, பின்கதவைத் திறந்து, சீட்டைத் துண்டால் ஒரு தட்டு தட்டினான்.