உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 3

அன்புள்ள டீச்சருக்கு,

போனில் பேசினால் கத்துகிறேன் என்று எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். பத்து வருடமாக வீட்டுப் பிளான் வரைகிற கைக்கு நாலு வரி எழுதுவதற்குள் வலிக்கிறது.

நானும் அப்பாவும் நலம். டிவி சத்தமும் நலம். நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். துணி, புத்தகம் எடுத்துக்கொண்டு போனது சரி. அந்த நீல பக்கெட்டை எதற்கு எடுத்துக்கொண்டு போனாய்? "கோவிச்சிக்கிட்டுப் போறவங்க நகையை எடுத்துட்டுப் போவாங்க, பக்கெட்டையாடா?" என்று அப்பா தினமும் கேட்கிறார்.

ஆபீஸ் முழுசாகத் திறந்துவிட்டது. நோய் அடங்கினாலும் பயம் அடங்கவில்லை. வசதியுள்ளவர்கள் எல்லாரும் வீட்டை மாற்றிக் கட்டுகிறார்கள். வாசலிலேயே கை கழுவத் தொட்டி, ஆள் உள்ளே வராமல் பார்சல் வாங்க ஒரு ஜன்னல், யாருக்காவது காய்ச்சல் வந்தால் தனியாகப் படுக்க பாத்ரூமோடு ஓர் அறை. முக்கியமாக, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஓர் அறை. போன மாதம் மட்டும் பதினோரு வேலை அறை வரைந்துவிட்டேன். வெளிச்சத்தம் கேட்காத சுவர் வைத்து.

உனக்கும் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். ஹால் மூலையில், நல்ல கனமான திரை போட்டு. வந்துவிடு.

அன்புடன்,
உன் ஸ்கேல்


ஜூன் 9

ஸ்கேலுக்கு,

ஊரார் வீட்டில் பதினோரு சுவர். எனக்குத் திரை. மாமா பார்க்கிற சீரியலில் யார் யாரை அறைந்தாலும் என் வகுப்பில் முப்பத்துநாலு பேருக்கும் கேட்கும்.

பக்கெட் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள், அப்பாவும் பிள்ளையும். மாமாவுக்கும் படித்துக் காட்டு. ஊரடங்கு வந்ததும் பெட்ரூமை உன் ஆபீஸ் ஆக்கிக் கதவைச் சாத்திக்கொண்டாய். ஹாலை மாமா எடுத்துக்கொண்டார். சமையலறையில் குக்கர். கதவு உள்ள இடம் என்று மிச்சம் இருந்தது பாத்ரூம். பதினாலு மாதம் அந்தப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துதான் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் நீ கதவை இடித்து, "எவ்வளவு நேரம்டி உள்ளயே இருப்ப?" என்று கத்தினாய். அத்தனை பிள்ளைகளுக்கும் கேட்டது. இப்போதும் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின் பெஞ்சில் எவனாவது அதைச் சொல்கிறான். எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

சிரிப்பு வராதது வேறு. பள்ளி திறந்தாலும் மாலை வகுப்பு இன்னும் போனில்தான். போன மாதம், எனக்கு ஒரு கதவு வேண்டும் என்று கேட்டேன். "ரெண்டு மணி நேரத்துக்கு எதுக்குத் தனி ரூமு?" என்றாய். அப்போது உன் கையில் யாருடைய வேலை அறையோ பாதி வரைந்தபடி இருந்தது. அதனால்தான் கிளம்பினேன்.

ஒரு கேள்வி. நீ வரைகிற வீடுகளில் பாத்திரம் கழுவ வருகிற பெண் எந்தப் பாத்ரூமுக்குப் போவார்? பிளானைப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
டீச்சர்


ஜூன் 15

அன்புள்ள டீச்சருக்கு,

பார்த்தேன். ஒரே வீட்டில் ஐந்து பாத்ரூம். நாயைக் குளிப்பாட்டக்கூட இடம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இல்லை. முதலாளியிடம் கேட்டேன். "அவங்க வீட்லயே போயிட்டு வந்துடுவாங்கப்பா" என்றார். மாடிப்படிக்குக் கீழே ஒன்று வரைந்து வைத்தேன். அழித்துவிட்டார்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். திரை வேண்டாம். பால்கனியைப் பலகை போட்டு அடைத்துவிடலாம். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். ஐந்துக்கு எட்டு. கதவு, தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. என் மேஜையையும் அங்கேயே போட்டுவிட்டேன், சேர்ந்து உட்காரலாமே. பிளான் இத்துடன் இருக்கிறது. இனி என்ன குறை?

அன்புடன்,
ஸ்கேல்


ஜூன் 20

ஸ்கேலுக்கு,

பிளானைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஜன்னல் பக்கம் நாலடி மேஜை உனக்கு. கதவுக்குப் பின்னால் இரண்டடி எனக்கு. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. நீ வரும்போதெல்லாம் நான் எழுந்து நிற்க வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகள்கூட இப்போது அப்படி எழுந்து நிற்பதில்லை.

தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போட்டிருக்கிறாய். ஸ்டோர் ரூம் வரைந்து பழகிய கை. அரிசி மூட்டை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளாது. நான் போட்டுக்கொள்வேன்.

பத்துக்கு மூன்று. அதில் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே வரைந்ததற்கு. அழித்தால் திரும்ப வரை.

அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை காலியாகிறது. "பேசாம இங்கயே இருந்துடு" என்கிறாள். ஐந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். சின்ன அறைதான். தாழ்ப்பாள் சரியான பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
டீச்சர்


ஜூன் 29

அன்புள்ள டீச்சருக்கு,

திங்கட்கிழமை ஆபீஸ் போகவில்லை. சிவப்பில் ஒரு பக்கெட் வாங்கிவந்து, கவிழ்த்துப் போட்டு, ஒன்பதிலிருந்து நாலு வரை பாத்ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். மவுஸை வைக்க இடமில்லாமல் சோப்பு டப்பாவின் மேல் தேய்த்தேன். குழாய் சொட்டுகிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. அரை மணியில் முதுகு போயிற்று. பக்கெட்டின் அடி விளிம்பு தொடையில் வட்டமாகப் பதிந்து ராத்திரி வரை போகவில்லை. அப்பா நாலு தடவை தட்டினார். நாலாவது தடவை, முதலாளி லைனில் இருக்கும்போது, "எவ்வளவு நேரம்டா உள்ளயே இருப்ப?" என்றார். ஆபீஸே சிரித்தது.

எனக்கு ஒருநாள். உனக்குப் பதினாலு மாதம். ஒரு தடவையாவது பெட்ரூமை மாற்றிக்கொள்ளலாமா என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றக்கூட இல்லை. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

மூன்றாவது பிளான் காகிதத்தில் இல்லை, செய்தே முடித்துவிட்டேன். பெட்ரூம் உன்னுடையது. ஜன்னலுக்குக் கீழே நாலடி மேஜை, ஒரு நாற்காலி. என் சாமான்கள் பால்கனிக்குப் போய்விட்டன. சாரல் அடித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். கட்டில் சுவரோரம் இருக்கிறது. அங்கே எனக்கு இடம் உண்டா என்று நீதான் சொல்ல வேண்டும்.

கதவில் வெளித் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது, கவனித்திருக்கிறாயா? கழற்றி, ஓட்டைகளை அடைத்துவிட்டேன். உள்ளே புதுசு. அப்பாவுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். சீரியல் மாமியார் காதுக்குள்ளேயே வந்து திட்டுகிறாளாம், ரொம்ப சந்தோஷம்.

மாடிப்படிக் கீழ் பாத்ரூமை மூன்றாவது தடவையும் வரைந்தேன். "இருந்துட்டுப் போகட்டும், விடு" என்றுவிட்டார் முதலாளி.

ஐந்தாம் தேதியை நினைத்து, காலண்டரை ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்க்கிறேன்.

உன் ஸ்கேல்


ஜூலை 4

அன்புள்ள ஸ்கேலுக்கு,

பத்துக்கு ஒன்பது. ஒன்று ஏன் குறைந்தது என்று நேரில் சொல்கிறேன்.

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சோப்பு டப்பா வரைக்கும் சிரித்தாள். அப்புறம் கடிதத்தை வாங்கித் தானே படித்தாள். சாயங்காலம் தன் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். "உனக்கு மட்டுந்தான் கதவு வேணுமாடி?" என்றாள். ஆக, அந்த அறை போயிற்று. அத்தான் கீழே உட்கார்ந்து முழிக்கிறார். உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், ஏதோ பிளான் விஷயமாக.

ஞாயிறு காலை வருகிறேன். பக்கெட்டும் வருகிறது.

என் அறையில் நாற்காலி ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறாய். அது என்னுடையது. நீ வந்தால் உட்கார, நீல பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு வைக்கிறேன்.

கதவைத் தட்டு. இடிக்காதே.

உன் டீச்சர்