டாங்கி மூடி

மாமா,

லாரிய வெலைக்கி வாங்க வர்றவருகிட்ட வண்டி விக்கலன்னு சொல்லிடு. வண்டி வூட்லயே இல்ல. நெல்லு மூட்ட ஏத்திக்கினு நானும் சின்னராசுவும் காஞ்சிபுரம் மண்டிக்குப் போறோம். ஆமா, வேலைய வுட்டு நீ தொரத்தின என் தம்பிதான் ஓட்றான்.

கொஞ்ச தூரம் போனா இஞ்சின் மிஸ்ஸிங் அடிக்குது, அவன்தான் ஓட்டிக் கெடுத்துட்டான்னு ஊரெல்லாம் சொன்னியே. நேத்து நீ இல்லாதப்ப திருப்புலிவனம் வரைக்கும் ஓட்டிப் பாத்தோம். ஏரிக்கரைகிட்ட அதே மாதிரி திணறுச்சி. டீசல் கீதான்னு பாக்க டாங்கி மூடியத் தொறந்தான். புஸ்ஸுனு காத்த உள்ள இழுத்துச்சி. அப்பறம் இஞ்சின் நல்லா ஓடுச்சி. மூடிய இறுக்கினா மறுபடியும் மிஸ்ஸிங், தளத்தி வச்சா ஒண்ணுமில்ல. அந்த மூடில காத்துப் போவ ஓட்டையே இல்ல மாமா, காத்து உள்ள போவலன்னா டீசல் எப்பிடி இஞ்சினுக்கு வரும்? பழைய மூடி தொலஞ்சதும் இத வாங்கியாந்து மாட்டினது நீ.

ஆணியால ஒரு ஓட்ட போட்டோம். வூடு வர்ற வரைக்கும் ஒரு தபாகூட திணறல.

இத ராத்திரி சொல்ல வந்தா 'கம்முனு கெட'ன்ன. அதான் எழுதி வச்சிட்டுப் போறேன்.

சோறும் கருவாட்டுக் கொழம்பும் அடுப்பு மேல கீது. வெறும் வயித்துல டீயக் குடிச்சிக்கினு கோவமா ஒக்காந்துக்கினு இருக்காத.

கனகா

சாயங்காலம் சின்னராசு நம்ம வூட்லதான் சாப்புடுவான். வாடான்னு நீதான் கூப்புடணும். நான் கூப்புட மாட்டேன்.