கைராசியைத் தராசில் வைத்தவளுக்கு

என் செல்லத் தங்கச்சி மலர்,

நீ போய் ஒரு வருடம் ஓடிவிட்டது. அழுவதற்காக எழுதவில்லை, நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். சிம்பாங் பூலாயில் இருக்கும் நம் மசாலா மில்லை விற்றுவிட்டேன். நம்புவாயா?

ஈப்போவில் எத்தனை சின்ன முதலாளிகளுக்குத் தொழில் யோசனை சொல்லிக் கைதூக்கி விட்டாய்! "லாபமும் வரணும், நாளைக்கு விக்கவும் முடியணும், அதுதான் தொழில்" என்பாய். எல்லாரும் கேட்டார்கள், உன் சொந்த அண்ணனைத் தவிர. கறித்தூளுக்குக் கலவை போடும்போது நான் கதவைச் சாத்திக்கொள்வேன். எல்லாம் கைப்பிடிக் கணக்குதான், எதையும் எழுதி வைத்ததில்லை. என் கைராசியால்தான் தூள் மணக்கிறது என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன்.

ஒருநாள் தராசோடு வந்து நின்றாயே, நினைவிருக்கிறதா? மல்லியை மூன்று தடவை அள்ளிப் போடச் சொன்னாய். மூன்று தடவையும் மூன்று எடை. நான் தராசைத் திட்டினேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாய்: "அண்ணே, நாளைக்கு நீங்க எந்திரிக்கலன்னா மில்லுல வேலை செய்யற இந்த ஆறு பொம்பளைங்களும் எங்க போவாங்க?"

எழுந்திருக்காமல் போனது நீதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உன் காரியம் முடிந்த மறுவாரம் அதே தராசைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். மல்லி, மிளகாய், சோம்பு எல்லாவற்றையும் நிறுத்து, எழுதி, மகேஸ்வரியிடம் கொடுத்தேன். ரப்பர் தோட்டத்தை மூடியபோது நம்மிடம் வேலைக்கு வந்தாளே, அவள்தான். கலவை அறைக் கதவையும் கழற்றிவிட்டேன்.

எனக்கும் முட்டி தேய்ந்துவிட்டது, விற்கலாம் என்று சொல்லி வைத்தேன். சித்தியவானில் மளிகைக் கடைகள் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். "ரெண்டு வாரம் நீங்க மில்லு பக்கமே வரக்கூடாது. நீங்க இல்லாம ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் பேசலாம்" என்றார். மூன்றாம் நாளே சாலைக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். மகேஸ்வரி பிடித்துவிட்டாள். "அண்ணே, வீட்டுக்குப் போங்க லா! நீங்க நின்னாத்தான் எங்களுக்குக் கை நடுங்குது."

இரண்டு வாரமும் தூளில் ஒரே மணம். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், முன்பைவிட நன்றாக இருக்கிறது என்றாராம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, போ! ஆனால் நல்ல விலை கிடைத்தது. ஆறு பேருக்கும் வேலை உண்டு என்று வாங்கியவர் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

போன வாரம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். மகேஸ்வரி தேத்தண்ணி கொடுத்து, நாற்காலியும் போட்டாள். "உக்காருங்க அண்ணே, உங்களுக்கு இங்க ஒரு வேலையும் இல்ல" என்றாள். என் மில்லில் எனக்கு நாற்காலி! இத்தனை வருடத்தில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லையே, மா. கூச்சமாக இருந்தது. நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினேன். காரில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான்.

அடுத்த தடவை உட்காருவேன். சத்தியம்.

உன் பேச்சைத் தாமதமாகக் கேட்ட
அண்ணன் ராமு