மாப்பிள்ளை எடுத்த படங்கள்

அப்பா,

உங்கள் பீரோவைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. நீங்கள் போய் ஒரு வருடமாகியும் சட்டைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியபடியே இருக்கின்றன. முதல் திதி முடிந்துவிட்டது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். அதற்காகத்தான் திறந்தேன். வாசம் பட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதே வாசத்தில்தான் என்னை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தீர்கள்.

விவாகரத்து வாங்கிக்கொண்டு நான் விளாங்குடி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பரவையிலிருந்து பெரியப்பா கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். கேட் சத்தம் கேட்டதுமே நீங்கள் என் கையைப் பிடித்து இந்த அறைக்குள் தள்ளினீர்கள். "உள்ள இரு. சத்தங்காட்டாத" என்றீர்கள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. எனக்கு அன்று இருமல். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு வயது எனக்கு. சொந்தமாகச் சம்பாதிக்கிறவள். கூடத்தில் பெரியப்பா என்னை விசாரித்தார். "நல்லாருக்காண்ணே. மாப்ளைக்கு வேலை சாஸ்தி, அதான் வர முடியல" என்றீர்கள். குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

அவர் போன பிறகு கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "எம்புட்டு நாளைக்கு இப்படி? என்னால பதில் சொல்லி மாளாது. வேற எங்கயாச்சும் பாத்துக்க."

பார்த்தேன். காளவாசல் பக்கம் வாடகைக்கு ஆறு வீடு ஏறி இறங்கினேன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "கூட யாரு இருப்பா?" ஏழாவது வீட்டு அம்மா மட்டும் இரக்கப்பட்டார். அப்பா நம்பர் கொடு, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றார். நம்பிக் கொடுத்தேன். மறுநாள் போனபோது வாசலிலேயே நிறுத்தி, "ஒங்க அப்பாவே குடுக்க வேணாங்கிறாரும்மா, நான் என்ன செய்ய?" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்களைக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை நீங்கள்.

"காளவாசல்ல நம்ம ஆளுக எம்புட்டுப் பேரு போறாக வாராக. ஒன்னையத் தனியாப் பாத்தா என்ன நெனைப்பாக?"

"அப்ப நான் எங்கப்பா போறது?"

"யாரும் பாக்காத எடமாப் போ."

போனேன். எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யக்கூடிய கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. முதலில் ஜார்ஜியா, அப்புறம் வியட்நாம், அப்புறம் விசா எங்கே சுலபமோ அங்கே. ஜார்ஜியாவில் வீடு கொடுத்த கிழவி பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், அட்வான்ஸை வாங்கிக்கொண்டாள், போனில் மொழிபெயர்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: பூனை வளர்ப்பாயா? இல்லை என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு அந்த அறையில் நான் அழுத அழுகை உங்களுக்குப் புரியாது.

"ஊர் ஊராச் சுத்துறியே, கொடுத்து வச்சவ" என்று கூடப் படித்தவர்கள் சொல்லுவார்கள். என்னைப் போலப் பெட்டியோடு அலைகிறவர்களை அங்கே நிறையப் பார்த்தேன். ஒருவனுக்கு மலை ஏற ஆசை. ஒருத்திக்குத் தன் ஊரில் வாடகை கட்டுப்படியாகவில்லை. இன்னொருத்திக்குக் காரணமே வேண்டியிருக்கவில்லை, பிடித்திருந்தது, வந்துவிட்டாள். எனக்கு அவர்கள் மேல் பொறாமை. அவர்கள் ஒன்றைத் தேடி வந்தவர்கள். நான் உங்களால் விரட்டப்பட்டவள்.

ஆனாலும் போனில் பேசும்போதெல்லாம் என்னிடம் படம் கேட்டீர்களே. "நீயே கைய நீட்டி எடுக்காத. யாராச்சும் தள்ளி நின்னு எடுத்த மாதிரி அனுப்பு" என்பீர்கள். நான் தனியாக இல்லை, கூட ஆள் இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு நிம்மதி போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒன்றுக்காகவே உங்களைக் கொஞ்சம் மன்னித்தும் இருந்தேன். கடற்கரையில், பனி மலையில், சந்தையில் முன்பின் தெரியாதவர்களைக் கெஞ்சி நிறுத்தி, போனை அவர்கள் கையில் கொடுத்துச் சிரித்தேன். உங்களுக்காக.

நீங்கள் குளிர்பெட்டியில் கிடந்த அன்று அந்த நிம்மதியின் லட்சணம் தெரிந்தது. நான் வந்து இறங்கிய கால் மணி நேரத்தில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்: "மாப்ள வரலையா?" பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் போனைத் திறந்து காட்டினார். நான் உங்களுக்கு அனுப்பிய படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. "மாப்ள நல்லாப் படம் எடுப்பாராமே. ஒங்கப்பன் ஒண்ணு விடாம அனுப்பிருவான். கம்பெனியில நாடு நாடா அனுப்புறாகன்னு அம்புட்டுப் பெருமை அவனுக்கு."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். எனக்கு வலிக்கவில்லை.

"பெரியப்பா, எனக்கு விவாகரத்தாகி அஞ்சு வருசமாச்சு. இதெல்லாம் ரோட்டுல போறவங்க எடுத்தது. நான் தனியாத்தான் இருக்கேன்."

எழவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று யாரோ முணுமுணுத்தார்கள். பெரியப்பா போனை வேட்டியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். உங்கள் பெட்டியின் பக்கம் திரும்பினார். பிறகு, "எங்கிட்டச் சொல்லிருந்தா நான் என்ன கடிச்சாத் திங்கப் போறேன்?" என்றார்.

அவ்வளவுதான் அப்பா. யாருக்குப் பயந்து என்னைத் துரத்தினீர்களோ, அந்த மனிதர் சொன்னது அவ்வளவுதான்.

போன மாதம் அம்மாவின் பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். வீட்டில் வேறு யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொன்னாள்: "ஒரே மக. கட்டிக் குடுத்து, ஒத்து வராம விவாகரத்தாயிருச்சு. வெளிநாட்டுல தனியா இருந்து சம்பாதிக்கிறா. அவ கூடத்தான் நானும் போறேன்." அவர் எழுதிக்கொண்டார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், போய்விட்டார். அம்மா கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பி, "இம்புட்டுத்தானா?" என்றாள். அன்று முழுவதும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நாளை மறுநாள் இரண்டு பேரும் கிளம்புகிறோம். உங்களைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதி முடிக்கலாம் என்று யோசித்தேன். வரவில்லை. உங்களை நான் மன்னிக்கவும் இல்லை. ஐந்து வருடம், வாரம் ஒரு தரம் பேசினோம். ஒவ்வொரு தரமும் போனை வைக்கும் முன்னால் நான் ஒரு நொடி பேசாமல் இருப்பேன், கவனித்தீர்களா? "வந்துரு தாயி" என்று நீங்கள் சொல்லுவதற்கான இடம் அது. சொல்லியிருந்தால் எந்த நாட்டில் இருந்தாலும் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். இப்போது யாரோடு பேசினாலும் கடைசியில் அந்த ஒரு நொடி நின்றுவிடுகிறேன். எதற்கு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.