அறுப்பின் பண்டிகைக்கு வந்த கடலை மூட்டை

முடிச்சூர்,
9-11-1970

அன்பு மகள் பியூலாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே உன் அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதம் வந்தது. சத்தியநாதனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், தங்கச்சி கல்யாணத்தை நினையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். யாரோ அரைகுறையாக உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை நான் எழுதுகிறேன், படித்துவிட்டுச் சொல்.

இந்த வருஷம் வேர்க்கடலை பிடுங்குகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் மழை விட்ட சமயம் பார்த்துப் பிடுங்கி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, காய் வெயிலைப் பார்க்கும்படி போட்டேன். களைக்கொத்து பட்டு ஓடு பிளந்த காய், சூம்பின காய் எல்லாம் பொறுக்கி எறிந்தேன், குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவைத்து, தரை ஈரம் ஏறாமல் மூட்டையைப் பலகை மேல் அடுக்கினேன். பக்கத்து வயல்காரர் சத்தியநாதன் வரப்பில் நின்று, ரயிலுக்குக் கொடி காட்டின மனுஷன் செடிக்குப் பாடம் எடுக்கிறார் பாரு என்று சிரித்தார். சிரிக்கட்டும். அவருடைய காயை ஈரத்தோடு குவித்து வைத்தார்கள், பிறகு உரிக்கும்போது ஓடு இளகட்டும் என்று மேலும் தண்ணீர் தெளித்தார்கள். உரிக்க வந்த கிளியம்மாளிடம் ஏன் இப்படி என்றேன். இன்னா நைனா செய்றது, காஞ்ச காயை உரிச்சா வெரலு கிழிஞ்சு பூடுது, நீ பாட்டுக்குப் பாத்துகினு பூடுவே என்றாள். அது நியாயம்தான். அதனால் இரண்டு கட்டையை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி இடுக்கி மாதிரி செய்துகொடுத்தேன், என் கடலையைக் காய்ந்தபடியே உரித்துக் கொடுத்தாள்.

சத்தியநாதனின் அந்த ஈரக் கடலைதான் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையாக ஆலயத்துக்கு வந்தது. மற்ற காணிக்கைகளை ஏலம் விட்டு, அந்த மூட்டையை மட்டும் பள்ளிக்கூட போர்டிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினார்கள். பக்கத்தில் போகும்போதே வாடை அடித்தது. கைவிட்டு எடுத்தேன், பருப்பெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம். இப்படிப் பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தின்ற கோழிகள் ஈரல் கெட்டுச் செத்ததாகவும், வறுத்தாலும் அவித்தாலும் அந்த விஷம் போகாதென்றும் ரேடியோவில் உழவர்களுக்குச் சொன்னதைக் கேட்டவன் நான். பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று சபையார் முன்னாலேயே சொன்னேன். கர்த்தருக்குப் படைச்சதுல குத்தம் கண்டுபிடிக்கிறீங்களே என்றார் போதகர். கழுவி வறுத்தா சரியாப் போச்சு, நாமெல்லாம் தின்னு வளரலையா சார் என்றார் சத்தியநாதன். நான் மூட்டையை வெளியே இழுத்துப்போய், ஆலய விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்திவிட்டேன்.

அன்றே ஆலயக் கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எத்தனை வருஷம் அந்தக் கூரைக்கு ஓடு மாற்றினேன், ஒருவருக்கும் ஞாபகமில்லை, போகட்டும். உன் தங்கச்சி கிருபாவுக்குப் பேசியிருக்கும் அசரியா, சத்தியநாதனின் தங்கை மகன் அல்லவா. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் எழுந்து நின்று வருத்தம் தெரிவிக்க வேண்டுமாம், இல்லையென்றால் சம்பந்தம் கிடையாதாம். ரெண்டு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும் என்று அம்மா அழுகிறாள். எனக்கும் தூக்கம் இல்லை. கடைசியில் கிருபாவையே கூப்பிட்டு, உன் வாழ்க்கைம்மா, நீ சொல்லு என்றேன். அந்த போர்டிங்ல பாதிப் பேர் நான் பாடம் எடுக்கிற கிளாஸ் பிள்ளைங்கப்பா, நீங்க மன்னிப்புக் கேக்க எழுந்தா நானும் எழுந்து வெளியே போயிடுவேன், அசரியாவுக்கு நான் வேணும்னா மாமாவைக் கேக்காம வரட்டும் என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவள் அழுகைக்கு நான் பொறுப்பு. மூட்டையைக் கொளுத்தியதற்கு வருத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான பெஞ்சில்தான் உட்காருவேன். பாட்டுக்கு எழுந்து நிற்பேன், ஜெபத்துக்கு முழங்காலிடுவேன், வேறெதற்கும் அசையமாட்டேன். நீ கிருபாவுக்கு ஆறுதலாக ஒரு கடிதம் போடு, எனக்குப் புத்தி சொல்லி வேண்டாம்.

கர்த்தர் உங்கள் எல்லாரையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக. பிலாய்க்கு வேலைக்குத் திரும்பும் சம்பத் கையில் நம் கடலை கொஞ்சம் கொடுத்தனுப்புகிறேன். அதையும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தே பிள்ளைகளுக்குக் கொடு. கசந்தால் உடனே துப்பச் சொல். தாத்தா அனுப்பினதாயிற்றே என்று மரியாதைக்கு விழுங்க வேண்டாம்.

உன் அன்பு அப்பா,
வே. ஜீவரத்தினம்