சிவப்பு நூல்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை உட்கார்ந்த வரிசை மாறாமல் இன்றும் சொல்வேன். ரேடியோப் பட்டறையை விற்ற நம் முதலாளி வரதராஜன். அதை வாங்க வந்த சத்திரம் கம்பெனியின் மேனேஜர் சூசைராஜ். அவருடன் வந்த ஆரோக்கியம், அவர்கள் கம்பெனியில் ரேடியோ அசெம்பிள் செய்கிறவர். கதவோரம், ரேடியோவில் ஸ்டேஷன் பிடித்துச் சரிபார்க்கும் நீங்கள். ரேடியோவுக்குள் வைக்கும் கம்பிச்சுருளை, அதாவது காயிலை, சுற்றும் மேசையில் நான்.

நேற்று வீட்டு மின்விசிறியைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். ஈயம் பற்றவைத்த புகை மூக்கில் ஏறியதுமே எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். “அந்தச் சிவப்பு ஒயர் எதுக்குப்பா?” என்று கேட்டேன். “மெயினை அணைச்சாச்சு பாட்டி, பயப்படாதீங்க” என்று சிரித்தார். நீங்களும் இப்படித்தான் சிரிப்பீர்கள்.

நம் பாலக்கரைப் பட்டறையில், கரண்டு வரவேண்டிய கம்பிக்கு நான் சிவப்பு நூல் கட்டுவேன். சத்திரம் கம்பெனியில் சிவப்பு என்றால், ரேடியோவின் அடித்தகரத்தில் பற்றவைக்கும் கம்பி. இது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு உங்கள் மனசில் ஏதோ உறுத்தியது.

“ரெண்டு பட்டறையும் ஒண்ணாகப் போவுது. ஒரு நாள் எல்லாரும் உக்காந்து, நீங்க எப்படிச் செய்றீங்க, நாங்க எப்படிச் செய்றோம்னு வாய்விட்டுச் சொல்லிக்கலாமே” என்றீர்கள்.

சூசைராஜ் நல்ல மனிதர். “நியாயந்தான். வித்தியாசம் ஏதாச்சும் இருக்குங்களா?” என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி அதே சத்திரம் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்து சொந்தப் பட்டறை போட்டவர். இரண்டு இடத்து வழக்கமும் தெரிந்த ஒரே ஆள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். “எல்லாம் ஒரே மாதிரிதான். கம்பிப் பேச்சை அப்புறம் வச்சுக்குங்க. கையெழுத்தைப் போடுங்க சார்.”

பத்தரைக்கு முன்பே கையெழுத்தானது. அப்போது எனக்கிருந்த பயமெல்லாம் வேலை போய்விடுமோ என்பதுதான். பஸ்ஸில் ஸ்ரீரங்கம் நம் வீட்டுக்குத் திரும்பும்போது, “நம்மளை வச்சுக்குவாங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தேன். “உன் வாயைக் கேட்டா சம்பளம் குடுத்தாவது வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றீர்கள். காவிரிப் பாலம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் வாரம். நான் சுற்றிய காயிலின் சிவப்பு நூல் கம்பியைத் தங்கள் வழக்கப்படி ஆரோக்கியம் தகரத்தில் பற்றவைத்துக் கொடுத்தார். நீங்கள் சுவிட்சைப் போட்டு, தகரத்தைத் திருப்பக் கை வைத்தீர்கள். உங்களிடமிருந்து சத்தமே வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கை ஒட்டிக்கொண்டது. ஆரோக்கியம் மரக்கட்டையால் உங்கள் கையைத் தட்டிவிட்டார். நான் மேசையைவிட்டு எழவில்லை, எழ முடியவில்லை. ரேடியோவுக்குள் நான் போட்ட சிவப்பு முடிச்சு தெரிந்தது.

பிழைத்தீர்கள். கட்டுப்போட்ட கையோடு போய் இரண்டு பட்டறை ஆட்களையும் ஒரே பாயில் உட்காரவைத்தீர்கள். ஒவ்வொரு கம்பியாகத் தூக்கிக் காட்டி, “இது உங்க ஊட்ல என்ன, எங்க ஊட்ல என்ன?” என்று சம்பந்தி பேசுவதுபோலக் கேட்டீர்கள். சிரித்துச் சிரித்தே எல்லாம் ஒரு வழிக்கு வந்தது. ஒருவருக்கும் வேலை போகவில்லை. கம்பெனி நன்றாக ஓடியது.

ஸ்டேஷனை மயிரிழையில் பிடிக்கும் உங்கள் இரண்டு விரல்கள் மட்டும் கடைசிவரை உணர்ச்சியில்லாமலே இருந்தன. சோறு பிசையும்போது சூடு தெரியாது உங்களுக்கு. நான்தான் முதலில் தொட்டுப் பார்ப்பேன். நீங்கள் சுவிட்சுப் பக்கம் போனாலே அடுப்பை விட்டுவிட்டு ஓடிவருவேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அது நிற்கவில்லை. யார் சுவிட்சைத் தொட்டாலும் முதலில் அவர்கள் வாயைத்தான் பார்க்கிறேன், சத்தம் வருகிறதா என்று.

காலைப் பிடித்து அழுத ஆரோக்கியத்தை மன்னித்துவிட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்ட சூசைராஜ் மேல் எனக்குக் குறையில்லை. சிவப்பு நூல் கட்டிய என் கையையும், போனால் போகிறதென்று விட்டுவிட்டேன். ஒரு வைகுண்ட ஏகாதசி வரிசையில் ஒருவர் கைகூப்பி, “நல்லா இருக்கீங்களாம்மா?” என்றார். ரங்கநாதர் சந்நிதி வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கைகூப்பியவர் நம் பழைய முதலாளி வரதராஜன்.